நாலாவது கேமராவுக்கு இடமில்லை

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா ஒயரும் அத்துப்படி என்று என் அக்கா நம்புகிறாள். மிக்ஸி, டிவி ரிமோட், காலிங் பெல், பக்கத்து வீட்டுக்காரரின் காது மிஷின் வரைக்கும் என் தலையில் கட்டியிருக்கிறாள். தெரியாது என்று சொன்னால், "அப்புறம் நீ என்னத்தைத்தான்டா படிச்ச?" என்று ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான். லீவு நாளில் காலையிலேயே ஃபோன். "டேய், கார் கேமரா வந்திருக்கு. சும்மா ஒட்டிட்டுப் போ. பத்து நிமிஷ வேலை." அக்கா வாயிலிருந்து பத்து நிமிஷம் என்று வந்தால் என் மத்தியானத் தூக்கம் போச்சு என்று அர்த்தம்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஆரம்பத்தில் அதே ஸ்கூலில் ஃபோன் எடுக்கிற வேலைதான் பார்த்தாள். நாள் முழுக்க "ஹலோ, டிரைவிங் ஸ்கூல்" என்று கத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக வண்டிகள் போய் வருவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் டீச்சர் ஒருவர் முதுகு பிடித்துக்கொண்டு வராமல் போனார். வகுப்புக்கு வந்த ஒரு அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார். அக்கா ஃபோனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "வாங்கம்மா, நான் சொல்லித் தரேன்" என்று சாவியோடு கிளம்பிவிட்டாள். முதலாளி அவளைக் கூப்பிட்டுத் திட்டுவதற்குள் அந்த அம்மா திரும்பி வந்து, "இனிமே எனக்கு இவங்கதான் வேணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வண்டியில் டீச்சர் உட்காருகிற இடது சீட்டு அக்காவுடையது.

பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை உதறுகிறவர்கள், லாரி ஹாரன் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். ஒருத்தரையும் அவள் அதட்டியது கிடையாது. அதட்டுவதற்குத்தான் தம்பி என்று ஒருவன் இருக்கிறேனே. இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு அத்தானுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அவள் வாயைத் திறந்ததும், "கீறல் இல்லை, தெரியும், சாம்பார்ல உப்பும் இல்லை" என்பார்.

இப்போது அந்தச் சீட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

முன்பெல்லாம் லைசென்ஸ் டெஸ்ட் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு சுற்று வந்தால் போதும். புதிதாக வந்த ஆபீசர் எல்லாரையும் மெயின் ரோட்டுக்கே அழைத்துப்போகிறார். அவர் வந்ததிலிருந்து அக்காவின் ஆட்கள் வரிசையாக ஃபெயில். மற்ற டீச்சர்களிடம் படித்தவர்கள் ஒருமாதிரி தேறிவிடுகிறார்கள். அக்காவிடம் படித்தவர்களுக்கு மட்டும் ஒரே காரணம்: நேரத்துக்கு பிரேக் போடவில்லை. ஸ்கூல் வண்டியில் டீச்சர் கால் வைக்கிற இடத்திலும் ஒரு பிரேக் உண்டு. டெஸ்ட் நாளில் அந்தச் சீட்டில் ஆபீசர் உட்காருவார். அவர் அதில் கால் வைக்கும்படி ஆனால் ஃபெயில், அவ்வளவுதான்.

அக்காவிடம் படிக்கிற தையல்காரம்மா மூன்று தடவை அப்படி ஃபெயிலாகியிருந்தார். தைத்த துணிகளைத் தானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தவர். முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, "இந்தத் தடவையும் அந்த அம்மா ஃபெயிலானா நீங்க பழையபடி ஃபோன் பக்கமே வந்துடுங்க டீச்சர். வெயில் இல்லை, தூசி இல்லை, ஃபேனுக்குக் கீழ உக்காரலாம்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து அழுத அழுகை எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த வண்டிதான் எல்லாம்.

"நாள் பூரா தையல் மெஷினை மிதிக்கிறவளுக்கு பிரேக் மிதிக்கத் தெரியாதாடா? என் பக்கத்துல உக்காந்து எவ்வளவு அழகா நிறுத்துறா தெரியுமா? அந்த ஆபீசருக்கு என் மேல காண்டு. நான் சொன்னா முதலாளி நம்ப மாட்டேங்குறார். படம் பிடிச்சுக் காட்டுறேன், பாரு" என்றாள். அதற்காக வந்ததுதான் இந்தக் கேமரா. ஒன்று இரண்டு அல்ல, நாலு. முன்னால், பின்னால், உள்ளே, அப்புறம் நம் இஷ்டத்துக்கு ஒன்று.

பெட்டி மட்டும் லட்சணமாக இருந்தது. திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே முழுக்க ஒயர். அதைப் பிரித்து அடியில் தேடினால் சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒன்று. அதன் முன்பக்கம் ஒரு கண், வண்டிக்குள் பார்க்கிற மாதிரி பின்பக்கம் ஒரு கண். கையில் எடுத்தால் உள்ளே ஏதாவது வைத்தார்களா, மறந்துவிட்டார்களா என்று சந்தேகம் வருகிற கனம். லேசாக அழுத்தினால் மூடி நறுக்கென்று சத்தம் போட்டது. அடிப்பக்கம் வரிசையாகப் பட்டன்கள், எல்லாம் ஒரே அளவு, எதற்கு எது என்று ஒரு குறிகூடக் கிடையாது. ஒன்றை அமுக்கினேன், ஸ்கிரீன் அணைந்தது. இன்னொன்றை அமுக்கினேன், கீச்சென்று கத்தியது. மூன்றாவதை அமுக்கினேன், கத்தல் நிற்கவில்லை.

"உடைச்சுடாதடா!" என்று அக்கா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நான் உடைக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? எல்லாம் அவனே உடைச்சுதான் அனுப்பியிருக்கான்."

கையேடு என்று ஒன்று இருந்தது. எத்தனையோ பாஷை, நம் பாஷையைத் தவிர. எழுத்தெல்லாம் எறும்பு. ஸ்கிரீன் தீப்பெட்டி அளவு, அதையும் நாலாகப் பிரித்து நாலு படம். உள்ளே பார்க்கிற கண்ணில் அக்கா ஒரு உளுந்தம்பருப்பு அளவுக்குத் தெரிந்தாள். இவ்வளவும் செய்தவன் மெமரி கார்டு வைக்கவில்லை. அதற்கு நான் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து கார்டைச் செருகினால், அது உள்ளே போய் நிற்கவில்லை, விரலை எடுத்ததும் வெளியே துள்ளியது. நகத்தால் குத்திக் குத்தி, கடைசியில் குண்டூசி வைத்து உட்கார வைத்தேன்.

ஒட்டுவதற்குப் பசைத்துண்டு ஆளுக்கொன்று. தப்பாக ஒட்டினால் கதை முடிந்தது. நான் ஒட்டினேன், தப்பாகத்தான். உள்கண்ணாடி குறுக்கே வந்து பாதி ரோட்டை மறைத்தது. பிய்த்தால் பாதிப் பசை கார் கண்ணாடியிலும் பாதி என் விரலிலும். லென்ஸை மேலேயும் கீழேயும் திருப்பலாம், பக்கவாட்டில் திருப்ப முடியாது. கார் கண்ணாடி சரிந்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று அவன் யோசிக்கவே இல்லை. மின்சாரம் எடுக்கிற பிளக்கு வேறு குண்டாக நீட்டிக்கொண்டு, முதல் கியர் போடும்போதெல்லாம் விரல் முட்டியை இடித்தது. எவன்டா இதையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

பின்கண்ணாடிக்குப் போகிற ஒயர் வீட்டைச் சுற்றி வரலாம், அவ்வளவு நீளம். அதைக் கூரைத் துணிக்குள் மடித்து மடித்துத் திணித்தேன். நாலாவது கேமராவின் ஒயர் ஒரு முழம்கூடத் தேறாது. ஓட்டுகிறவரின் கதவுப் பக்கத்துத் தூணில் அதை ஒட்டி, தையல்காரம்மாவின் கையும் முகமும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்று அக்காவின் உத்தரவு. ஒயர் டேஷ்போர்டைக்கூடத் தாண்டவில்லை.

"நாலாவதுக்கு இடமில்லைக்கா. இதைக் கழட்டிப் பெட்டியில வச்சுடு."

"நாலு கண்ணுன்னு போட்டுத்தானே வித்தான்? நாலும் இருக்கணும். எங்கயாவது ஒட்டு."

எங்கயாவது என்றால் டேஷ்போர்டுக்கு அடியில், அக்கா உட்காருகிற பக்கம்தான் எட்டியது. டேப் போட்டு அங்கே ஒட்டினேன். கண் நேராகத் தரையைப் பார்த்தது.

"அது அங்க என்னத்தைடா பாக்கும்?"

"உன் செருப்பைப் பாக்கும். போதுமா? ஆளை விடு."

மறுநாள் காலை வகுப்பு. ஒயர் எங்காவது கழன்றுவிடப்போகிறது என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடே வந்தார். கடையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். "கேமரா எல்லாம் வச்சுட்டீங்களா டீச்சர்? முன்னாடியே சொல்லியிருந்தா தலையாவது சீவியிருப்பேனே" என்று சிரித்தார். வண்டி எடுத்தார். உண்மையிலேயே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சிக்னலில் மெத்தென்று நின்றார். குறுக்கே சைக்கிள் வந்தது, மெத்தென்று நின்றார். பஸ் திடீரென்று ஓரம் கட்டியது, அப்போதும் அலுங்காமல் நின்றது வண்டி. அக்கா ஒவ்வொரு தடவையும், "அப்படித்தான்ம்மா, அருமை" என்றாள். எனக்கே அந்த ஆபீசர் மேல் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளின் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து கார்டைச் செருகினோம். நாலு கட்டம். ரோடு, வண்டிக்குள் இருவரும், பின்னால் வரும் வண்டிகள், கீழே அக்காவின் செருப்பு.

"ஹீரோயின் மாதிரி விழுந்திருக்கு உன் செருப்பு" என்று நான் கிண்டல் செய்தேன். அவள் என் தோளில் அடித்தாள்.

முதல் சிக்னல் வந்தது. கீழ்க்கட்டத்தில் செருப்பு நகர்ந்தது. பெடல் மேல் உட்கார்ந்தது, கீழே போனது. வண்டி நின்றது. சைக்கிள் வந்தது. தையல்காரம்மாவின் முகத்தில் சைக்கிளைப் பார்த்த அறிகுறியே இல்லை, அதற்குள் செருப்பு கீழே போய்விட்டது. அப்புறம்தான் அவருடைய கண் விரிந்தது. பஸ்ஸுக்கும் அதேதான். நின்ற இடத்திலெல்லாம் அதேதான்.

"அக்கா."

"சும்மா காலை அங்க வச்சிருக்கேன்டா. வழக்கமா வைக்கிறதுதான். அழுத்தலை."

"பெடல் உள்ள போயிருக்குக்கா."

"அழுத்தலைன்னு சொல்றேன்ல!"

நான் படத்தை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டேன். அவள் பார்த்தாள். என் கையைத் தட்டிவிட்டு அவளே இன்னொரு தடவை ஓடவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. டீச்சர் பக்கத்துப் பெடலும் ஓட்டுகிறவரின் பெடலும் ஒரே கம்பியில் இணைந்தவை. இங்கே மிதித்தால் அங்கேயும் தானாகக் கீழே இறங்கும். அதன் மேல் கால் வைத்திருப்பவருக்குத் தானே அழுத்துகிற மாதிரிதான் இருக்கும்.

"டெஸ்ட் அன்னைக்கு மட்டும் பிரேக் கல்லு மாதிரி இருக்கு டீச்சர்னு சொன்னாங்க" என்றாள் அக்கா, யாரிடமோ சொல்வது போல. "எல்லாருமே சொன்னாங்கடா. பயத்துல சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அவள் வேண்டுமென்று செய்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கே தெரியாது. அது அவள் கால் பழகிக்கொண்ட வேலை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "நாலாவதை எடுத்துடறேன். மூணு போதும். மூணுல பார்த்தா அந்த அம்மா ஜோரா ஓட்டுறாங்க. முதலாளிக்கு என்ன தெரியப்போகுது? வேலை நிக்கும். இனிமே நீ காலைப் பாத்து வச்சுக்கோ."

அக்கா லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். அப்புறம் "சரி" என்றாள். நான் ஒரு கட்டத்தை மறைத்து மீதி மூன்றையும் பெரிதாக்கினேன்.

மத்தியானம் ஸ்கூல் ஆபீசில் முதலாளியின் மேஜையைச் சுற்றி நின்றோம். தையல்காரம்மாவையும் அக்கா வரச்சொல்லியிருந்தாள். மூன்று கட்டமும் ஓடியது. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதமா இருக்கே! இந்த அம்மாவையா ஃபெயில் பண்ணாங்க? விடுங்க டீச்சர், நான் சொன்னதை மறந்துடுங்க. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கே டெஸ்ட்டுக்கு அனுப்புங்க."

எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. தையல்காரம்மா ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நானா இது? பாருங்க சார், அந்தப் பஸ்ஸுக்கு எப்படி நிறுத்தியிருக்கேன்! என் வீட்டுக்காரர் பார்க்கணும் இதை. உனக்கெல்லாம் வராதுன்னு சொல்லிச் சொல்லியே சிரிப்பாரு. பாஸானதும் முதல்ல என் பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சு மெயின் ரோட்டுல ஒரு ரவுண்டு" என்றார்.

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், நாலாவதைப் போடு."

"அதுல படம் சரியா விழலைக்கா" என்றேன். அவள் காலை மிதித்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போடுடான்னா!"

போட்டேன். அக்காவே விரலை வைத்துக் காட்டினாள், இங்க பாரும்மா, சிக்னல், இது என் கால், இங்க பாரு, சைக்கிள், இது என் கால். முதலாளிக்குப் புரிந்துவிட்டது, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தையல்காரம்மாவுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"அப்ப நான் ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தினதே இல்லையா டீச்சர்?"

"இல்லைம்மா."

"மூணு தடவை ஃபெயிலாகி, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லைன்னு ராத்திரி பூரா அழுதிருக்கேன். உங்ககிட்ட சொல்லியும் அழுதிருக்கேன். நீங்க தைரியம் சொன்னீங்க." அவர் குரல் உயர்ந்தது. "நாளைக்கு நான் பாஸாகி என் பொண்ணை ஏத்தியிருந்தா?"

அக்கா நின்று கேட்டுக்கொண்டாள். மூன்றோடு நிறுத்தலாம் என்று யோசனை சொன்னவன் நான். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "இவ்வளவு தூரம் நீங்களே காட்டினதுக்கு எனக்கு மரியாதை இருக்கு டீச்சர். ஆனா இதுக்கு மேல உங்ககிட்ட ஆளுங்களை அனுப்ப முடியாது. சாயங்காலம் சாவியை வச்சுடுங்க. நாளையிலேர்ந்து ஃபோன் பாருங்க." அக்கா தலையை ஆட்டினாள்.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "சாயங்காலம் வரைக்கும் சாவி உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க. எனக்கு இப்பவே ஓட்டணும். பக்கத்துல யாரும் உக்காரக்கூடாது."

முதலாளி, "ரோட்டுல கூடாது, நம்ம ஸ்கூல் மைதானத்துல மட்டும்" என்றார்.

அக்காவும் நானும் பின்சீட்டில் ஏறினோம். டீச்சர் சீட்டு காலியாக இருந்தது. மைதானத்தின் கடைசியில் குடோன் சுவர். தையல்காரம்மா முதல் கியர் போட்டார், இரண்டாவது போட்டார். நான் மெதுவாகப் போகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். சுவர் கிட்டே வந்தது. சுவரில் எழுதியிருந்த விளம்பரத்தின் எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. என்னுடைய கால் தானாகத் தரையை அழுத்தியது. அக்கா இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி மடித்து வைத்துக்கொண்டாள். அவள் நகம் என் கையில் இறங்கியது.

வண்டி உதறி நின்றது. என் நெற்றி முன்சீட்டில் போய் இடித்தது. இஞ்சின் அணைந்துவிட்டது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

தையல்காரம்மா உடனே திரும்பவில்லை. குனிந்து பக்கத்து சீட்டின் பெடலைப் பார்த்தார். அங்கே யார் காலும் இல்லை.

"டீச்சர், இது நான்தானே?"

"நீதான்ம்மா. நீ மட்டும்தான்."

அவர் சாவியைத் திருப்பி இஞ்சினை மறுபடி எழுப்பினார். வண்டியைப் பின்னால் எடுத்தார், இன்னொரு தடவைக்கு. அக்காவின் ஃபோன் அடித்தது. முதலாளிதான். அக்கா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சாவி வரும் சார். இப்ப அவ ஓட்டிட்டிருக்கா."